கொள்ளுத் தாத்தாவின் குறிப்பேடுகள்: பெயர் யாருக்கு, உரிமை யாருக்கு?

வாசகியின் கடிதம்

நீலகிரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய கொள்ளுத் தாத்தா குன்னூர் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1903 முதல் 1908 வரை அவர் எழுதிய மூன்று குறிப்பேடுகள் வீட்டிலுள்ள தகரப் பெட்டியில் கிடைத்திருக்கின்றன. படகர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகியோரின் திருமணம், சாவுச் சடங்கு, பழமொழிகள், உறவுமுறை பற்றித் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியிருக்கிறார். பெயர், உயரம், மூக்கின் நீளம், அகலம் என்று கட்டம் போட்ட தாள்களும், முன்பக்கமும் பக்கவாட்டும் எடுத்து எண்ணிட்ட ஆட்களின் படங்களும், கையெழுத்துப் புரியாத ஒரு துரையின் கடிதங்களும் கூடவே இருக்கின்றன. தாத்தா 1931இல் காலமானார். “தர்ஸ்டன் புத்தகத்தை எழுதினதே நம்ம தாத்தாதான், துரை பேரைப் போட்டுக்கிட்டான்” என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் பேச்சு.

வாசகி கேட்பவை நான்கு. வழக்குப் போட்டுத் தாத்தாவின் பெயரையும் ராயல்டியையும் வாங்க முடியுமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஒப்பந்தம் அனுப்பி, மூலப் பிரதிகளை மூன்று மாதம் எடுத்துப்போகக் கேட்கிறார், கொடுக்கலாமா? தம்பி பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் விலை பேசுகிறார், தடுக்க முடியுமா? இருளரையும் குறும்பரையும் இழிவாக எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்கிறார் சித்தப்பா மகள், அது சரியா?

அன்புள்ள அம்மா,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டியை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு பக்கத்தையும் கிழிக்க விடாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் குடும்பத்துப் பேச்சில் உண்மையின் சாயல் இருக்கிறது. ஆனால் அது சொல்லப்படும் விதத்தில் நிற்காது. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1901இல் இந்திய அரசு, குலங்களின் வழக்கங்களையும் உடலளவுகளையும் திரட்டும் இனவரைவியல் அளவாய்வுக்கு ஒப்புதல் தந்தபோது சென்னை மாகாணத்துக்கான பொறுப்பு அவரிடம் வந்தது. அதன் விளைவுதான் 1909இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ஏழு தொகுதிகள். தமிழில் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று அறியப்படுகிறது. ஆங்கில மூலத்தின் முகப்புப் பக்கத்திலேயே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கே. ரங்காச்சாரியின் உதவியுடன் எழுதப்பட்டதாக அச்சிட்டிருக்கிறது. உள்ளே போனால் இந்தக் குறிப்புக்கு இன்னாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்ற வகை வரிகள் அடிக்கடி வரும். சி. ஹயவதன ராவ், திருவிதாங்கூர் பற்றிய பகுதிகளில் என். சுப்பிரமணி அய்யர் ஆகிய பெயர்களைப் பலமுறை காணலாம். ஆகவே ஒரு துரை ஒரு குமாஸ்தாவின் புத்தகத்தைத் திருடினார் என்ற சித்திரம் பொருந்தாது. அது பலர் எழுதித் தந்ததை ஒரு பதவியில் இருந்தவர் தொகுத்த நூல். எழுதித் தந்தவர்களில் சிலருக்குப் பெயர் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் தாத்தா இரண்டாவது வரிசையில் இருக்கக்கூடும். அதை நிரூபிக்கத்தான் வேலை இருக்கிறது.

இந்த வரிசை தர்ஸ்டனுக்கும் நூறு வருடம் முன்னாலேயே தொடங்கியது. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்சியின் சுவடித் தொகுப்பைத் திரட்டியதில் காவலி வெங்கட போரய்யா, அவருடைய தம்பி லட்சுமய்யா ஆகியோரின் உழைப்பு பெரிது. போரய்யா 1803இல் இறந்தார். மெக்கன்சி 1821இல் இறந்தபின், வேலையைத் தொடர லட்சுமய்யா அனுமதி கேட்டார். கல்கத்தா ஆசியக் கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் அதை ஏற்கவில்லை. திரட்டித் தரத் தகுதி உண்டு, தலைமை தாங்கத் தகுதி இல்லை என்பதே அவர் தீர்ப்பின் சாரம். சுவடிகளின் ஒரு பகுதி இன்று சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. மெக்கன்சி சுவடிகள் என்றுதான் அவற்றுக்குப் பெயர்.

பெயர் கிடைத்தவர்களையும் பாருங்கள். பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்து அனந்தகிருஷ்ண அய்யர் பள்ளி ஆசிரியர். 1902இல் கொச்சி சமஸ்தானம் அவரிடம் இந்த அளவாய்வை ஒப்படைத்தது. 1909இலும் 1912இலும் வெளியான கொச்சி நூல்களின் முகப்பில் அவர் பெயர்தான் ஆசிரியராக நிற்கிறது. ராஞ்சியில் வக்கீலாக இருந்த சரத் சந்திர ராய் முண்டாக்களைப் பற்றி 1912இல் தன் பெயரிலேயே நூல் எழுதினார், 1921இல் ‘மேன் இன் இந்தியா’ இதழைத் தொடங்கினார். (எங்கள் வக்கீல் தொழில்காரர் ஒருவர் உருப்படியாகச் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.) மலையேறி விசாரித்தவர் யார், எழுதியவர் யார் என்பதைவிடக் கண்காணிப்பாளர் நாற்காலியில் இருந்தவர் யார் என்பதே அந்தக் காலத்தில் முகப்புப் பக்கத்தை முடிவு செய்தது.

தாத்தாவின் கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

நீதிமன்றத்தைவிட இங்கேதான் உங்களுக்குப் பலன் கிடைக்கும். ஏழு தொகுதிகளும் ஆங்கில அகர வரிசையில் அமைந்தவை. உங்களுக்கு வேண்டியவை மூன்று: படகர் முதல் தொகுதியில், இருளர் இரண்டாவதில், கோத்தரும் குறும்பரும் நான்காவதில். தோடர் பற்றித் தாத்தா எங்காவது எழுதியிருந்தால் ஏழாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நீளமான நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள். குறிப்பேட்டின் எண்ணும் பக்கமும், அதில் உள்ள தேதி, எழுதப்பட்ட செய்தி, நூலில் அதே செய்தி வரும் தொகுதியும் பக்கமும், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை அல்லது வேறுபாடு. பொதுவான செய்திகள் பயன்படாது. ‘கோத்தர் இசைக் கருவி வாசிப்பார்கள்’ என்பது இரண்டிலும் இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. தேட வேண்டியவை வேறு: ஒரே ஊரில் ஒரே ஆள் சொன்ன செய்தி, ஒரே வரிசையில் அடுக்கிய பழமொழிகள், ஒரு சடங்குக்கான செலவுக் கணக்கு, வழக்கத்துக்கு மாறான எழுத்துக்கூட்டல். எல்லாவற்றையும்விட வலுவானது, இரண்டிலும் இருக்கும் ஒரே தவறு. சரியான செய்தியை இருவர் தனித்தனியாகக் கேட்டிருக்கலாம். ஒரே ஊர்ப் பெயரை ஒரே மாதிரி இருவரும் தவறாக எழுதியிருந்தால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பலரும் சறுக்கும் இடங்கள் இதில் மூன்று. முதலாவது, இருவரும் மூன்றாவது ஒரு நூலைப் பார்த்து எழுதியிருப்பது. தாலுகா அலுவலகங்களில் மாவட்டக் கையேடுகள் புழங்கின. நீலகிரிக்கு பிரீக்ஸின் 1873ஆம் ஆண்டு நூலும், கிரிக்கின் 1880ஆம் ஆண்டுக் கையேடும் இருந்தன. தோடர், கோத்தர் பற்றித் தர்ஸ்டனே 1896இல் அருங்காட்சியக வெளியீடாக எழுதியிருக்கிறார். 1891, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளும் உண்டு. தாத்தாவின் வரி இவற்றில் ஒன்றில் இருந்தால் அதை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மனம் கேட்காது, இருந்தாலும் அடித்துவிடுங்கள். எஞ்சுபவைதான் நிற்கும்.

இரண்டாவது, காலத்தின் திசை. 1909க்குப் பிறகு அச்சான நூலைப் பார்த்துத் தாத்தா தன் நோட்டில் படியெடுத்திருக்கவும் கூடும். தேதியிட்ட பக்கங்களுக்கு நடுவில் ஒட்டுத்தாள்கள் இருக்கின்றனவா, மையும் கையெழுத்தும் மாறுகின்றனவா என்று கவனியுங்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் நீரெழுத்து (வாட்டர்மார்க்) தெரியலாம். சில தயாரிப்பாளர்கள் அதில் வருடத்தையும் பதித்தார்கள்.

மூன்றாவது, துரை தர்ஸ்டன்தான் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. அதே ஆண்டுகளில் டபிள்யூ. பிரான்சிஸ் நீலகிரி மாவட்ட விவரச்சுவடியை (கெசட்டியர்) தயாரித்துக்கொண்டிருந்தார், 1908இல் வெளியானது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02இல் தோடரிடையே தங்கி ஆய்வு செய்தார், 1906இல் நூல் வெளியானது. அவர் தன் மொழிபெயர்ப்பாளர்களின் பெயரைச் சொன்னவர். கடிதங்கள் பிரான்சிஸுடையவை என்றால் நீங்கள் ஒப்பிட வேண்டிய புத்தகமே மாறிவிடும். கடிதத்தின் மேற்பகுதியில் முகாம் பெயர், தேதி, கோப்பு எண் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்த ஆண்டுகளின் அரசாணைகளையும் வருவாய்த் துறை நடவடிக்கைக் குறிப்புகளையும் கேளுங்கள்.

இந்த வழி பலன் தந்ததற்குச் சான்று உண்டு. வட இந்தியாவில் வில்லியம் குரூக் என்ற அதிகாரிக்குப் பண்டிட் ராம் கரீப் சௌபே நாட்டார் கதைகளைத் திரட்டிக் கொடுத்தார். கையெழுத்துத் தாள்கள் லண்டன் நாட்டாரியல் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தன. ஆய்வாளர் சாதனா நைதானி அவற்றைக் கண்டெடுத்துப் படித்ததால் 2002இல் அந்தக் கதைகள் குரூக், சௌபே ஆகிய இருவர் பெயரிலும் நூலாயின. அங்கே வழக்கு எதுவும் தேவைப்படவில்லை.

உங்களிடம் இருபது முப்பது உறுதியான ஒற்றுமைகள் சேர்ந்தால் அதை ஒரு கட்டுரையாக எழுதி ஆய்விதழில் வெளியிடுங்கள், அல்லது தகுந்த ஆய்வாளருடன் சேர்ந்து எழுதுங்கள். அந்தக் கட்டுரையைக் காட்டி நூலகங்களிடம் பட்டியல் பதிவைத் திருத்தக் கேட்கலாம். நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 என்ற பட்டியல் முறையில் 700 என்ற புலம் கூடுதல் பெயர்களுக்கானது, அங்கே பங்களிப்பாளர் என்று தாத்தாவின் பெயரைச் சேர்க்க இடமிருக்கிறது. மறுபதிப்பு போடும் பதிப்பகத்திடம் முன்குறிப்பு ஒன்று சேர்க்கச் சொல்லியும் எழுதலாம். கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஆதாரத்துடன் எழுதினால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ராயல்டியும் பதிப்புரிமையும்

1909 நூலுக்கு இன்று யாருக்கும் ராயல்டி இல்லை. அதை அரசின் படைப்பாகக் கொண்டாலும், 1935இல் இறந்த தர்ஸ்டனின் தனிப் படைப்பாகக் கொண்டாலும், காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தவிர, பதிப்புரிமை எழுத்துக்குத்தான், தகவலுக்கு இல்லை. தாத்தா திரட்டிய செய்தியை இன்னொருவர் தன் சொற்களில் எழுதியிருந்தால் அது அன்றும் உரிமை மீறல் ஆகாது. நேர்மையா என்பது வேறு கேள்வி.

நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று வேறு பக்கம் இருக்கிறது. அச்சாகாத அந்தக் குறிப்பேடுகளுக்குப் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, ஆசிரியர் இறக்கும்வரை வெளிவராத படைப்புக்கு 60 ஆண்டுக் கணக்கு, அது முதன்முதலாக வெளியிடப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சட்டத்திலும் வெளியிடும்வரை உரிமை நீடித்தது. ஆகவே தாத்தா இறந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டதே என்று யாரும் சும்மா அச்சிட முடியாது.

ஆனால் அந்த உரிமை உங்கள் குடும்பத்துக்கா, அரசுக்கா? வேலையின் ஒரு பகுதியாக, அரசின் உத்தரவுப்படி எழுதியிருந்தால் உரிமை அரசுக்குப் போகும். 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது, பழைய சட்டத்தின் போக்கும் அதுதான். இதற்கும் துரையின் கடிதங்களே சாட்சி. தாசில்தார் வழியாக, அலுவலகக் கோப்பு எண்ணுடன் வந்த உத்தரவு என்றால் அரசின் பக்கம் கனக்கும். ‘ஓய்வு நேரத்தில் விசாரித்து எழுதினால் உதவியாக இருக்கும்’ என்ற தோரணையில், அவர் பெயருக்கே வந்திருந்தால் உங்கள் பக்கம் கனக்கும். சுத்தப் பிரதி அலுவலகத்துக்குப் போய், சொந்த நோட்டில் எழுதிய நகல் மட்டும் வீட்டில் தங்கியிருந்தாலும் அது உங்களுக்குச் சாதகம்தான்.

குடும்பத்துக்கே என்றாலும் அது உங்கள் ஒருவருடையது ஆகாது. பெட்டி உங்கள் வீட்டில் இருப்பதாலேயே உரிமை முழுவதும் உங்களிடம் வந்துவிடாது. 1931இல் யார் யார் வாரிசு என்பதிலிருந்து தொடங்கித் தலைமுறை தலைமுறையாக இறங்கி வர வேண்டும். வம்சாவளியை ஒரு தாளில் வரையுங்கள், உயிரோடு இருக்கும் வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள். தம்பியைத் தடுப்பதற்கும் இதுவே வழி: கூட்டுச் சொத்தை மற்றவர் சம்மதமின்றி அவர் மட்டும் விற்க முடியாது. வாங்க வரும் வியாபாரியிடம் தொல்பொருள் வணிக உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள், பாதி பேர் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவார்கள்.

தாத்தாதான் எழுதினார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, அதாவது 57ஆம் பிரிவு தரும் தனி உரிமை, 2012 திருத்தத்துக்குப் பின் வாரிசுகளுக்கும் உண்டு. குறிப்பேடுகளை யாராவது வெளியிட்டு அவர் பெயரை விட்டுவிட்டால் அப்போது இது கைகொடுக்கும்.

ஆய்வாளர் அனுப்பிய ஒப்பந்தம்

நீங்கள் இணைத்திருக்கும் பிரதியில் என்னை உறுத்தும் வரிகள் இரண்டு. ‘அனைத்து உரிமைகளும், உலகெங்கும், நிரந்தரமாக’ என்பது ஒன்று. ‘மூலப் பிரதிகள் பல்கலைக்கழகத்தில் மின்படியாக்கம் செய்யப்படும்’, அதாவது ஸ்கேன் எடுக்கப்படும், என்பது மற்றொன்று.

இரண்டாவதை முதலில் தீர்த்துவிடலாம். 1972ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப்பொக்கிஷங்கள் சட்டத்தில் பொதுவான வரம்பு 100 ஆண்டு. ஆனால் அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு போதும். உங்கள் குறிப்பேடுகள் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டன. மத்திய அரசின் அனுமதியில்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மூன்று மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்பதோ, கூரியரில் அனுப்புவதோ இதை மாற்றாது. ஆய்வாளர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். விமான நிலையச் சோதனையில் மாட்டினால் நல்ல எண்ணம் உதவாது.

முதலாவதில், உரிமை மாற்றம் வேண்டாம், உரிமம் மட்டும் கொடுங்கள். அதாவது உரிமை உங்களிடமே இருக்கும், அவர் குறிப்பிட்ட வேலைக்குப் பயன்படுத்தலாம். ‘தனியுரிமையற்றது’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும், அப்போதுதான் நாளை இன்னொருவருக்கும் கொடுக்க முடியும். எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எந்த நூல் அல்லது கட்டுரை, எத்தனை பக்கப் படங்கள் என்று எழுதுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ‘நிரந்தரமாக, உலகெங்கும்’ என்று முன்கூட்டியே அச்சடித்துவிடுகின்றன. தாத்தாவின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில், எந்த இடத்தில் வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நன்றியுரையில் ஒரு வரி போதாது, மேற்கோள் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் வரவேண்டும்.

மின்படியாக்கம் இங்கேயே செய்யலாம். பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்திலேயே மூலம் அந்தந்த நாட்டில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய வேலையில் அனுபவமுள்ளது. உதகை முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையும் அணுகலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களை நன்கொடையாக ஏற்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு கொடுங்கள்: பொதுமக்கள் பயன்படுத்தும் நூலகத்தில் வைத்துவிட்டால், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டிய அச்சாகாத படைப்பை ஆய்வுக்காகவோ வெளியிடும் நோக்கத்தோடோ படியெடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டுப்பாடு வேண்டுமானால் ஒப்படைக்கும் பத்திரத்தில் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

கிழிக்க நினைக்கும் பக்கங்கள்

உங்கள் சித்தப்பா மகளின் கூச்சம் எனக்குப் புரிகிறது. அந்தப் பக்கங்கள் நல்லவையல்ல. தாத்தா மாகாண அரசின் ஊழியர், எழுதப் படிக்கத் தெரிந்த சமூகத்தவர், கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவர். துரையின் முன்னால் அவர் கீழே நின்றார், இருளர் குடிசையின் முன்னால் மேலே நின்றார். இரண்டும் அதே நோட்டில் பதிவாகியிருக்கிறது. இழிவான வரிகளைக் கிழித்துவிட்டால் இரண்டாவது மறைந்து, தாத்தா பாதிக்கப்பட்டவராக மட்டும் எஞ்சுவார். ஆதாரம் என்ற முறையிலும் நோட்டு கெட்டுவிடும். இடையில் பக்கம் குறைந்த குறிப்பேட்டின் தேதி வரிசையை யார் நம்புவார்கள்?

அளவெடுத்த தாள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூக்கின் அகலத்தை வைத்துச் சமூகப் படிநிலையை விளக்கலாம் என்று ஹெர்பர்ட் ரிஸ்லி 1891 வாக்கில் முன்வைத்த கருத்தின் பின்னணியில்தான் இந்த அளவெடுப்பு நடந்தது. அந்தக் கருத்து எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. அளவெடுக்கப்பட்டவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதற்குத் தர்ஸ்டனின் நூலே சாட்சி: வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உருவம் உள்ளவர்களைப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று பயந்து ஓடினார்களாம். உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்த இருளர் ஒருவர், தூக்கில் போடப்போகிறார்கள் என்று அஞ்சி அதன் அருகில் வரவே மறுத்தாராம். இதை அவர் வேடிக்கைச் செய்தியாக எழுதியிருக்கிறார். உங்களிடம் உள்ள தாள்களில் அப்படி அளக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுடைய பேரன் பேத்திகள் கோத்தகிரியிலும் குன்னூர்ச் சரிவுகளிலும் இன்றும் இருக்கிறார்கள்.

ஆகையால் பக்கங்களை மூன்றாகப் பிரியுங்கள். பழமொழி, ஊர்ப் பெயர், செலவுக் கணக்கு போன்றவற்றை யாருக்கும் காட்டலாம். பெயரோடு உள்ள அளவுத் தாள்கள், படங்கள், தனி மனிதர்களைப் பற்றிய அவதூறுகள் ஆகியவற்றை ஆய்வாளருக்கு மட்டும், பெயரை மறைத்துக் காட்டலாம். சடங்கின் உள்விவரங்களை அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்கள் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மூன்றாவது வகையை இலேசாக எண்ணாதீர்கள். ரிவர்ஸுக்குப் புனித இடங்களையும் சடங்குகளையும் காட்டிய தோடர்களுக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் வந்தன. இரகசியத்தை வெளியாளிடம் சொன்னதற்குத் தெய்வத்தின் கோபம் என்று அவர்கள் கருதினார்கள், பிறகு பேசத் தயங்கினார்கள். அதை ரிவர்ஸே எழுதியிருக்கிறார்.

வாட்ஸ்ஆப்பில் ஒற்றைப் பக்கம்கூடப் போடாதீர்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் தமிழ்நாட்டில் மிக நலிவுற்ற பழங்குடிகளாகப் பட்டியலிடப்பட்டவை. படகர்கள் பழங்குடிப் பட்டியலில் தங்களைச் சேர்க்கக் கோரி வருகிறார்கள். இந்த நிலையில் 1905இல் ஒரு குமாஸ்தா எழுதிய ஒரு வரி, முன்னும் பின்னும் இல்லாமல் சுற்றினால், சாதிச் சான்றிதழ் தகராறில் போய் நிற்கும். இழிவான வரியை விளக்கமில்லாமல் பரப்புவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகாருக்கும் வழிவகுக்கலாம். பகையைத் தூண்டும் செயலைப் பற்றிய பிரிவு அதில் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் சூழலை விளக்கி மேற்கோள் காட்டுவதன் நிலை வேறு.

பெட்டியைத் திறக்கும்போது

நீலகிரி ஈரத்தில் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே அதிசயம். தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கவையுங்கள். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தாளில் படாமல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். லேமினேஷன், செல்லோடேப், தாளோடு ஒட்டி வைக்கும் அந்துருண்டை மூன்றும் கூடாது. பழைய இரும்பு மை தாளை அரித்து ஓட்டையாக்கும், லேமினேஷன் செய்துவிட்டால் அந்த அரிப்பை நிறுத்தவும் முடியாது, உறையைப் பிரிக்கவும் முடியாது. தாளைக் கழுவி உலர்த்திய கையால் தொடலாம். படங்களுக்கு மட்டும் கையுறை போட்டு, ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

மென்மையான 2பி பென்சிலால் ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் எண் இடுங்கள், வெற்றுத் தாளுக்கும்தான். ஸ்கேன் 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 படப்புள்ளி), வண்ணத்தில், டிஃப் என்ற படக் கோப்பாக. கைபேசிச் செயலிகள் ஓரத்தை வெட்டி, எழுத்தைக் கருப்பாக்கிக் கொடுக்கும். தாத்தா ஓரத்தில் எழுதிய பெயர்களும் மையின் நிற வேறுபாடும் அதில் போய்விடும், நமக்கு வேண்டியதே அவைதான். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

ஆய்வாளருக்கு இப்போதைக்கு இப்படி எழுதினால் போதும்: “குறிப்பேடுகளைப் பற்றிய உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்தியச் சட்டப்படி மூலப் பிரதிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. வாரிசுகள் அனைவரின் சம்மதத்துக்குப் பிறகு, காலமும் பயன்பாடும் வரையறுத்த தனியுரிமையற்ற உரிமம் பற்றிப் பேசத் தயாராக இருக்கிறோம். குறிப்பேட்டில் பெயர் வரும் சமூகங்களின் பெரியவர்கள் பார்த்த பிறகே சில பக்கங்களைப் பற்றி முடிவு சொல்ல முடியும்.” அவர் திருத்திய வரைவை அனுப்பினால், கையெழுத்துக்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். துரையின் கடிதங்களின் முதல் பக்கப் படங்களையும் அதோடு இணையுங்கள், உரிமை யார் பக்கம் என்பதற்கான பதில் அந்தக் கோப்பு எண்களில்தான் இருக்கிறது.